நீரின் பதம்

மழை தன் பணியை முடித்து விடைபெற்றுவிட்டது. பனி இன்னும் முடிசூடவில்லை. இரண்டிற்கும் நடுவே, அரசனில்லாத நாடுபோலச் சில நாட்கள் கிடந்தன. கதிரவன் எழுந்தும் எழாதவனாய் வானத்தின் ஓரத்தில் நின்றான். கூரை விளிம்புகளில் நீர்த்துளிகள் விழ மனமின்றியும் தங்க இடமின்றியும் தொங்கின. மரங்கள் இலைகளை ஒவ்வொன்றாக, அவசரமின்றி, யாரிடமோ பெற்றதைத் திருப்பித் தருபவைபோல உதிர்த்தன. தெருவில் நடந்தவர்கள் தாழ்ந்த குரலில் பேசினார்கள். உலகைப் படைத்தவன் ஒரு கணம் மூச்சை உள்ளே நிறுத்தி வைத்திருக்கிறானோ என்று எண்ணும்படி எங்கும் ஓர் அமைதி. அதைக் குளிர் என்று சொல்லவும் முடியவில்லை. குளிரில்லை என்று மறுக்கவும் முடியவில்லை.

அப்படிப்பட்ட ஒரு காலையில், இரவெல்லாம் அடுப்பருகே நின்ற ரொட்டிக்காரன் வீடு திரும்பினான். கூடத்து நாற்காலியில் ஒரு பயணப்பை வாய் திறந்து உட்கார்ந்திருந்தது. உள்ளே குழந்தையின் துணிகள், தையற்கடைக்கே உரிய ஒழுங்கோடு மடித்து அடுக்கப்பட்டிருந்தன.

அடுக்கியவள் அவன் மனைவியின் அக்காள். பள்ளிச் சீருடைகள் தைக்கும் கடை வைத்திருப்பவள். பிறர் கைக்குட்டை வைத்திருக்கும் இடத்தில் அவள் அளவு நாடா வைத்திருப்பாள்.

சென்ற வாரம் அந்த வீட்டில் எழுந்த பேச்சை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அறுவைச் சிகிச்சையில் பிள்ளை பெற்றவள் குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது என்பது மருத்துவர் கட்டளை. குழந்தைக்கோ தொப்புள்கொடி உதிர்ந்துவிட்டது. இனி ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஒப்பேற்ற முடியாது, தண்ணீரில் குளிப்பாட்டலாம் என்பதும் அதே மருத்துவரின் வாக்கு. யார் குளிப்பாட்டுவது என்பதில்தான் எல்லாம் வந்து நின்றது. அக்காளுக்குச் சீருடை தைக்கும் காலம். நகரத்தின் மறுகோடியிலிருந்து நாள்தோறும் வந்துபோக இயலாது. ஆகவே தங்கையையும் பிள்ளையையும் தன் வீட்டுக்கே அழைத்துப்போவதாகச் சொல்லிவிட்டாள்.

ரொட்டிக்காரன் இரவில் உழைத்துப் பகலில் உறங்குபவன். மகள் அந்த மறுகோடிக்குப் போய்விட்டால் விடுமுறை நாளில் மட்டுமே அவளைக் காணலாம். விழித்திருக்கும் குழந்தைக்குத் தன் முகம் பழகுமுன் வேறெல்லா முகங்களும் பழகிவிடும் என்ற அச்சம் அவனுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. "நான் குளிப்பாட்டறேன்" என்று மட்டும் சொன்னான்.

அவன் மனைவி வானொலியில் செய்தி வாசிப்பவள். வெள்ளமானாலும் வெற்றியானாலும் ஒரே குரலில் சொல்லிப் பழகியவள். வீட்டிலும் அதே குரல்தான்.

"குளிப்பாட்ட இங்க ஆள் இருந்தா நான் இருக்கேன். இல்லைன்னா அக்காகூடப் போறேன். இதுல கோபிச்சுக்க ஒண்ணுமில்ல."

அன்று சாயங்காலம் வரை பார்ப்போம் என்று அக்காளும் இசைந்திருந்தாள். ஆனால் பையை மட்டும் முன்கூட்டியே அடுக்கிவைத்துவிட்டாள்.

குளிப்பாட்டத் தொட்டி வேண்டும். ஆகவே அன்று தூக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு, அவன் அக்காளோடு கடைத்தெருவுக்குப் புறப்பட்டான். போகும் வழியில் அவள் அவன் வேலையைப்பற்றி விசாரித்தாள். சில நாட்களாக மாவு சரியாகப் பொங்குவதில்லை என்று முதலாளி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருப்பதைச் சொன்னான். பருவம் மாறுகிறதல்லவா, மாவைப் பொங்கவைக்கும் புளிப்புக்கும் சோம்பல் வரும் என்று காரணமும் சொன்னான். பேச்சு குழந்தையின்மேல் திரும்பியது. அவன் மகளைப் 'பன்னு' என்று அழைப்பது அக்காளுக்குத் தொடக்கம் முதலே பிடிக்கவில்லை.

"பெத்த பிள்ளையைத் தின்பண்டம் பேரு சொல்லியா கூப்பிடுவாங்க, மாப்பிள்ளை?"

"பொங்கி வந்த அழகைப் பார்த்ததும் அந்தப் பேருதான் வாயில வந்துச்சு, அக்கா."

"நல்லவேளை, நீங்க ஆணிக்கடை வைக்கல."

குழந்தைப் பொருட்கள் விற்கும் கடையின் மாடிச் சுவரில் தொட்டிகள், போர் முடிந்து மாட்டிவைத்த கேடயங்கள்போல வரிசையாகத் தொங்கின. இவ்வளவு சிறிய உயிர் நனைவதற்கு இத்தனை வகையா என்று ரொட்டிக்காரன் திகைத்தான். காற்றடித்து உப்பவைக்கும் தொட்டி. மடித்துக் கதவிடுக்கில் செருகும் தொட்டி. நான்கு கால்களில் நிற்கும் தொட்டி. குழந்தையைச் சாய்த்து வைக்க வலைத்துணி கட்டிய தொட்டி. விற்பனைப் பெண் ஒவ்வொன்றின் பெருமையையும் மனப்பாடமாகச் சொன்னாள். அவள் குரலில் அலுப்பில்லை, ஆர்வமும் இல்லை.

மனைவி வீட்டிலிருந்தே இரண்டு செய்திகளைச் சொல்லியனுப்பியிருந்தாள். ஒன்று, தொட்டி சமையலறை மேசைமேல் அசையாமல் நிற்கவேண்டும். குனிய முடியாதவளும் அருகே உட்கார்ந்து பார்க்கவேண்டும். மற்றொன்று, தண்ணீர் வெளியேற அடியில் அடைப்பான் வேண்டும்; நிறைந்த தொட்டியைத் தூக்கிக் கவிழ்க்கும் வேலை யாருக்கும் கூடாது.

அக்காள் அளவு நாடாவை எடுத்துவிட்டாள். கால் வைத்த தொட்டி வழுக்கும் என்று ஒதுக்கினாள். காற்றடிக்கும் தொட்டியை விரலால் ஓர் அழுத்து அழுத்தி, இது ஊசி பட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். ஊசியோடு வாழ்பவளின் கேள்வி அது. வலைத்துணி கட்டிய தொட்டியின் தையலைப் புரட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள். "ஒத்தைத் தையல். இதை நம்பிப் பிள்ளையை விட முடியாது."

ரொட்டிக்காரன் அதற்குள் ஒரு மூலையில் நின்றுவிட்டான். அங்கே தரையில், அலங்காரம் எதுவுமற்ற வெண்ணிறத் தொட்டி ஒன்று இருந்தது. நீள்வட்டம், தடித்த சுவர், ஆழம் சற்று மிகுதி, அடியில் அடைப்பானும் உண்டு. அவன் கை தன்னையறியாமல் அதன் உள்விளிம்பை வருடியது. மாவு பிசையும் தொட்டியின் வளைவு அப்படியே இதிலும் இருந்தது. மற்ற தொட்டிகளின் முன்னால் விருந்தாளியாக நின்றவன், இதன்முன் வீட்டுக்காரனாக நிமிர்ந்தான்.

"இது போதும், அக்கா. இந்த வளைவுல என் கை தடுமாறாது."

விற்பனைப் பெண் குறுக்கிட்டாள். அந்தத் தொட்டியில் மீன் கிடையாதாம். என்ன மீன் என்று கேட்டதற்குப் பக்கத்துத் தொட்டியின் அடியைக் காட்டினாள். அங்கே ஒரு மஞ்சள் மீன் பதிக்கப்பட்டிருந்தது. தண்ணீர் அளவுக்குமேல் சூடானால் மீன் வெளுத்துவிடுமாம். அதைத் தனியாகவும் வாங்கலாமாம்.

அவன் சிரித்தான். அது ஏளனச் சிரிப்பன்று. தன் தொழிலை நன்கறிந்தவனின் இளைப்பாறல்.

"அடுப்பு வாயில கையை நீட்டியே சூட்டைச் சொல்றவன்மா நான். எனக்கு மீன் வந்து சொல்லணுமா?"

அக்காள் அவ்விடத்தில் மறுத்திருக்கலாம். எதையும் இருமுறை அளந்து ஒருமுறை வெட்டுகிறவள் அவள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நூலைத் தடவியே அதன் தரத்தைச் சொல்லக்கூடியவளும் அவள்தான். கைத்தொழிலில் தேர்ந்த ஒருவர் இன்னொருவரின் கையை ஐயுறுவதில்லை. "கை தெரிஞ்சவங்களுக்கு மீன் எதுக்கு?" என்று விற்பனைப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, வெண்ணிறத் தொட்டியை மேசையின் அளவோடு ஒப்பிட்டாள். கச்சிதமாகப் பொருந்தியது. அன்று முதன்முறையாக அவனைப் பார்த்துப் புன்னகையும் செய்தாள்.

பிற்பகலில் சமையலறை மேசை காலியாயிற்று. தொட்டி நகராதிருக்க அக்காள் அடியில் தடித்த துண்டொன்றை விரித்தாள். சன்னலை அடைத்தாள். மனைவி அருகே நாற்காலியில் வயிற்றின்மேல் ஒரு தலையணையை அணைத்தபடி அமர்ந்தாள். பிள்ளையை எப்படிப் பிடிப்பது என்று ஒரு துண்டைச் சுருட்டிவைத்து அக்காள் பாடம் நடத்தினாள். இடக்கையில் தலை, முன்கையில் முதுகு, வலக்கை தண்ணீர் அள்ள. ரொட்டிக்காரன் ஒருமுறை பார்த்ததும் செய்து காட்டினான். சுருட்டிய துண்டு அவன் கையில் உயிருள்ளதுபோல அடங்கிக் கிடந்தது. மாவைத் தூக்கிப் பழகிய கைக்கு, எதை இறுக்குவது எதைத் தளர்த்துவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"பரவாயில்லையே" என்றாள் மனைவி. அந்தக் குரலில் அது பெரிய பாராட்டு.

அவன் முதலில் குளிர்ந்த நீரை ஊற்றினான். பிறகு வெந்நீர். கையை விட்டுக் கலக்கினான். மணிக்கட்டு வரை மூழ்க ஒருகணம் நின்றான். பதம் சரி என்றான்.

குழந்தையை அவன் கையில் கொடுத்தார்கள். துணியின்றி அவள் அவ்வளவு சிறியவளாக இருந்தாள். கண்ணைத் திறந்து அவனையோ, அவனுக்குப் பின்னாலிருந்த வெளிச்சத்தையோ பார்த்தாள். கால்கள் உள்நோக்கி மடங்கியிருந்தன. ரொட்டிக்காரன் மூச்சை அடக்கித் தொட்டியின்மேல் குனிந்தான்.

"சன்னல் கண்ணாடியில ஆவி படியுது" என்றாள் மனைவி.

தலைப்புச் செய்தி சொல்லும் அதே குரல். ஆயினும் அவன் கை நின்றது.

"வெளியில பனி. அதான்" என்றான்.

அக்காள் வாதாடவில்லை. சட்டைக் கையை மேலே தள்ளி, முழங்கையைத் தண்ணீரில் வைத்தாள். வைத்தவள் வெடுக்கென்று எடுத்தாள். முழங்கை செங்காந்தள் இதழ்போலச் சிவந்திருந்தது.

குழந்தையின் குதிகாலுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு கையகலம்தான் இருந்தது.

"பிள்ளையை அவகிட்டக் குடுங்க, மாப்பிள்ளை."

அவன் கொடுத்தான். மனைவி குழந்தையைத் துண்டால் சுற்றித் தலையணைமேல் கிடத்திக்கொண்டாள்.

ரொட்டிக்காரன் இரு கைகளையும் தொட்டிக்குள் விட்டான். ஈரம் தெரிந்தது. நீரின் கனம் தெரிந்தது. விரலிடுக்கில் அது நழுவுவதும் தெரிந்தது. சூடு மட்டும் தெரியவில்லை. கையை எடுத்துப் பார்த்தான், உள்ளங்கைகள் சிவந்திருந்தன. தனக்குத் தெரியாத ஒன்றைத் தன் கை அறிந்து, சொல்லாமல் வைத்திருப்பதுபோல இருந்தது. மீண்டும் விட்டான். மீண்டும் வெறும் தண்ணீர்.

அடுப்பின் அனல் காற்றாய் வந்து அறையும். அதை முகம் சொல்லும், மூச்சு சொல்லும். கைதான் சொல்கிறது என்று இத்தனை ஆண்டுகள் அவன் எண்ணியிருந்தான். அப்போது அவன் நினைவு வேலைக்களத்துக்கு ஓடியது. மாவில் சேர்க்கும் இளஞ்சூட்டு நீரை இரவுதோறும் கையால்தான் பதம் பார்க்கிறான். அதிகச் சூட்டில் புளிப்பு செத்துப்போகும். செத்த புளிப்பில் மாவு பொங்காது. பருவத்தின்மேல் போட்ட பழி மெல்லத் திரும்பி வந்து அவன் தோளில் அமர்ந்தது. முதலாளிக்கு அதை எப்படிச் சொல்வது, சொன்னால் என்ன ஆகும் என்பதை நினைக்க அவனுக்குத் துணிவில்லை. அந்த நினைவை அப்படியே உள்ளே வைத்து மூடினான். மனைவி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியல, அக்கா" என்றான்.

அக்காள் சிவந்த முழங்கையைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குக் கோபமில்லை, அதுவே அவனுக்குக் கடினமாக இருந்தது. கடையில் மீன் வேண்டாமென்றதில் தனக்கும் பங்குண்டு என்று ஒப்புக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"சூடு தெரியாதது குத்தமில்ல. தெரியலைங்கறதே தெரியாம இருந்தீங்களே. எனக்கு அதுதான் பயமா இருக்கு."

கூடத்துக்குப் போனாள். பையின் வாயை இழுத்து மூடும் ஓசை சமையலறைக்குக் கேட்டது.

அவள் திரும்பி வந்தபோது ரொட்டிக்காரன் தலை குனிந்து நின்றான். அக்காள் சொல்வது சரிதான் என்றான். இன்றே கூட்டிப்போகட்டும், தானே கூட வந்து விட்டுவருவதாகச் சொன்னான். பையைத் தூக்கிவரவும் ஓரடி எடுத்துவைத்தான்.

"நான் எங்க இருக்கறதுன்னு நான்தான் சொல்லணும்" என்றாள் மனைவி. "சூடு காட்டற அந்த மீனை நாளைக்கு வாங்கிக்கலாம். நான் முழிச்சிருந்தா நானே தொட்டுப் பார்த்துச் சொல்வேன். அதெல்லாம் சரி. நான் தூங்கிட்டு, மீனும் பழுதாயிட்டா? உங்க உடம்புல ஒரு இடமாவது நிஜம் சொல்லணும்." சற்று நிறுத்தினாள். "அடுப்பு பார்க்காத இடம் எங்கயாவது பாக்கி இருக்கா?"

அது கேலி என்று அவன் முதலில் எண்ணினான். முகத்தைப் பார்த்ததும் கேலியில்லை என்று தெரிந்தது. அல்லது இரண்டும்தான்.

அவன் தன் உடம்பைத் தானே சோதிக்கத் தொடங்கினான். முழங்கையா? தட்டுகளை உள்ளே தள்ளும்போது அடுப்பின் விளிம்பில் பட்டுப் பட்டு, அங்கே தோல் தோலாக இல்லை. கன்னமா? இரவெல்லாம் அனலைப் பார்த்து நிற்பவை அவை.

"கால் இருக்கு" என்றான். "எப்பவும் பூட்ஸுக்குள்ளதான் இருக்கும்."

"பிள்ளை குளிக்கிற தண்ணியிலயா?" என்றாள் அக்காள்.

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் வலிக்கும். தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, ஓசையின்றிச் சிரித்தாள். குழந்தை அந்தக் குலுங்கலில் ஒருமுறை கொட்டாவி விட்டாள்.

ரொட்டிக்காரன் கையைத் தூக்கித் தன் நெற்றியைத் தொட்டான். வியர்வை மாவில் விழாதிருக்க வேலைக்களத்தில் அவன் புருவம்வரை தாழ்த்தித் தடித்த துணி கட்டுவது வழக்கம். அந்தத் துணிக்குக் கீழே முகம் கருகியிருந்தது. துணி மறைத்த இடம் மட்டும் வேறொருவனுடையதுபோல வெளுத்து, மென்மையாக, பட்டை தீட்டியதுபோல் நின்றது.

அவன் மேசையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு குனிந்தான். நெற்றி நீரைத் தொட்டது. தொட்டதும் நிமிர்ந்தான்.

"சுடுது" என்றான்.

அந்தச் சொல்லில் அவ்வளவு மகிழ்ச்சி இருந்தது. ஊர்போய் வந்த உறவை வாசலில் கண்டவன் பெயர் சொல்லி அழைப்பதுபோல அதைச் சொன்னான்.

குளிர்ந்த நீரைக் கொஞ்சம் ஊற்றினான். குனிந்தான். இன்னும் சூடு மிச்சமிருக்கிறது என்றான். மறுபடி ஊற்றினான். நெற்றியிலிருந்து வழிந்த நீர் மூக்கு நுனியில் சொட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை. அக்காள் முழங்கையை நீட்டவில்லை. அவன் முடிக்கட்டும் என்று காத்து நின்றாள்.

மீண்டும் குனிந்தபோது அவன் உடனே எழவில்லை. பதம் அறிய அவ்வளவு நேரம் வேண்டியதில்லை என்பது அங்கிருந்த மூவருக்கும் தெரியும். நெற்றி நீரில் படிய, கண்கள் மூட, தொட்டியின்முன் அப்படியே தாழ்ந்திருந்தான். உதடுகள் அசைந்தன. அவன் எதை வேண்டினான் என்பது அவனுக்கும், எல்லா நீரையும் படைத்து அதற்குச் சூட்டையும் குளிர்ச்சியையும் அளந்து கொடுத்தவனுக்கும் மட்டுமே தெரியும். அடுப்படியிலோ ஆலயத்திலோ அவன் இப்படித் தாழ்ந்ததை மனைவி கண்டதில்லை. அவள் குழந்தையின் தலையைத் தன் கையால் மூடிக்கொண்டு பார்வையைத் தாழ்த்தினாள்.

அவன் எழுந்தான். "இப்ப சரியா இருக்கு" என்றான். அதில் பழைய உறுதி இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் பணிவு இருந்தது.

அக்காள் முழங்கையை நீரில் வைத்தாள். எடுக்காமல் சற்று நேரம் வைத்திருந்தாள். பிறகு குழந்தையைத் தங்கையின் மடியிலிருந்து தானே எடுத்து, அவன் இடக்கையில் தலையும் முன்கையில் முதுகும் பொருந்தும்படி வைத்தாள். ஈரக் கையை அவன் உச்சந்தலையில் ஒருமுறை பதித்தாள்.

"நல்லா இருங்க, மாப்பிள்ளை. அப்பாவும் பொண்ணும் நூறு வருஷம் நல்லா இருங்க. இறக்குங்க."